விட்டுவிடு என்றால் ஏன் விட மறுக்கிறாள்?

சிங்கப்பூரில் வாழும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது: "மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். தொடக்கப்பள்ளியிலிருந்து கூடவே வரும் தோழிகள் மூவர். சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிற்றுவலி என்கிறாள். போன் ஒலித்தால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுகிறாள். அவர்களோடு வெளியே போய்விட்டு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அவர்களை விட்டுவிடு என்றால் என்னோடு சண்டைக்கு வருகிறாள். இது வயதுக்கோளாறா, மனநோயா? போனை வாங்கி வைத்துவிடலாமா? அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் எனக்குப் பழக்கமானவர்கள்தான், அவர்களிடம் பேசிப் பார்க்கட்டுமா?"

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக வேலை செய்பவள் நான். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். போன் கேள்விக்கும் அதே பதில்தான். காரணத்தைச் சொல்லத்தான் மற்றதெல்லாம்.

எப்போதும் கொடுமைப்படுத்துகிற ஒருத்தியை விட்டு விலகுவது கடினமில்லை. உங்கள் மகளின் சிக்கல் அதுவாக இருக்காது. திங்கட்கிழமை அவளுடைய பல்வரிசையைக் கேலி செய்தவள், புதன்கிழமை தோளில் கைபோட்டுக்கொண்டு பபிள் டீ வாங்கித் தருவாள். வியாழன் இரவு "நீ இல்லாவிட்டால் எனக்கு யாருமே இல்லை" என்று செய்தி அனுப்புவாள். வெள்ளிக்கிழமை காரணம் சொல்லாமல் பேச மாட்டாள். அன்பு எப்போது வரும் என்று தெரியாதபோது மனம் அதற்காகக் காத்துக் கிடக்கும். விலங்குகளை வைத்து ஸ்கின்னர் போன்ற உளவியலாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே காட்டியது இதைத்தான்: தவறாமல் கிடைக்கும் பரிசால் வந்த பழக்கத்தைவிட, எப்போதாவது கிடைக்கும் பரிசால் வந்த பழக்கம் மறைவதற்கு அதிக நாள் பிடிக்கும்.

உடம்பும் இதை அறிகிறது. அமெரிக்காவில் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட், பெர்ட் உச்சினோ குழுவினர் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரியவர்களின் கையில் ரத்த அழுத்தக் கருவியைக் கட்டிவிட்டு, அன்றாடம் யாரோடு பழகும்போது அழுத்தம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். பிடிக்காதவர்களோடு இருக்கும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நல்லதும் கெட்டதும் கலந்து தருகிறவர்களோடு பழகும்போதுதான் மிக அதிகமாக இருந்தது. எதிரியிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, இவர்களிடம் எதிர்பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரவு வயிற்றுவலியைப் பள்ளிக்குப் போகாமல் இருக்கச் செய்யும் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி உண்மையாகவே இருக்கிறது.

நான் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளி முடிந்து நால்வரும் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் உள்ள துரித உணவகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் கிடந்த ஒருத்தியின் போன் திரை ஒளிர்ந்தது. ஒரு வாட்ஸ்ஆப் குழுவின் பெயர் தெரிந்தது: மூவரின் முதலெழுத்துகள். இவளுடைய எழுத்து அதில் இல்லை. அடுத்த நொடி அந்த போன் குப்புறத் திரும்பியது. இவள் எதுவும் கேட்கவில்லை. மிச்சமிருந்த உருளைக்கிழங்கு வறுவலை நான்கு பங்காக்கி எல்லோருக்கும் கொடுத்தாள். தன் பங்கைத் தொடவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை. எடை குறைப்பதாக அம்மா நினைத்துக்கொண்டார். என்னிடம் அவள் முதலில் கேட்டது இது: "நான் என்ன தப்பு செய்தேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆசிரியர் பக்கத்தில் நின்றிருந்தாலும் நான்கு மாணவிகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததாகவே தெரிந்திருக்கும். ஒதுக்குவது, கிசுகிசு பரப்புவது, "இதைச் செய்யாவிட்டால் உன்னோடு பேச மாட்டேன்" என்பது ஆகிய இவற்றையும் தாக்குதலாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று நிக்கி கிரிக், ஜெனிபர் குரோட்பீட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள். ஒதுக்கப்படுவதன் வலியைப் பற்றி இன்னொரு ஆய்வு: 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர், மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களைக் கணினியில் பந்து வீசி விளையாட வைத்தார்கள். சற்று நேரத்தில் மற்ற இரண்டு ஆட்டக்காரர்களும் பந்தைத் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொண்டார்கள். உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி அப்போது தூண்டப்பட்டது. முகம் தெரியாதவர்களோடு ஆடிய, ஒன்றுக்கும் உதவாத விளையாட்டிலேயே இப்படியென்றால், ஏழு வயதிலிருந்து பழகியவர்கள் ஒதுக்கும்போது எப்படி இருக்கும்?

பையன்களிடம் இது வேறு வேடத்தில் வருகிறது, பெரும்பாலும் நகைச்சுவை வேடத்தில். பல இனப் பிள்ளைகள் சேர்ந்த குழுவில் ஒரு தமிழ்ப் பையனின் தோல் நிறம் அன்றாட நகைச்சுவையாகிவிடும். "விளக்கை அணைத்தால் நீ எங்கே இருக்கிறாய்?" என்ற ரகம். குழுவில் இருக்கும் இன்னொரு தமிழ்ப் பையனே, இவனைவிடக் கொஞ்சம் வெளுப்பானவன், அதை ஆரம்பித்து வைத்திருப்பான். கேலிக்கு ஆளாகிறவன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். சில நேரம் அந்த நகைச்சுவையைத் தானே முந்திக்கொண்டு சொல்லியும் விடுவான். பிறர் சொல்லிக் கேட்பதைவிட அது வலி குறைவு. வீட்டில் அவன் கண்ணாடி முன் நெடுநேரம் நிற்பதையும், குடும்பப் படத்தில் நிற்க மறுப்பதையும் பெற்றோர் பதின்ம வயதுக் கூச்சம் என்று விட்டுவிடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களே "வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்" என்று சொல்கிறவர்கள்தாம், அவர்களிடம் போய் அவன் எதை முறையிடுவான்?

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதிகம் தவறவிடப்படுவது அதுதான், ஏனென்றால் அது நல்ல நட்பாகவே தெரியும். இரண்டு பிள்ளைகள் இரவு இரண்டு மணி வரை ஒருவருக்கொருவர் துயரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அமண்டா ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002 முதல் இதை ஆராய்ந்து வருகிறார். ஒரே சிக்கலைத் தீர்வை நோக்கி நகராமல் திரும்பத் திரும்பப் பேசும் நட்பில் நெருக்கம் கூடுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடுகின்றன. 2007இல் வெளிவந்த அவருடைய தொடர் ஆய்வில் இந்த இரண்டாவது விளைவு பெண்பிள்ளைகளிடம் காணப்பட்டது, பையன்களிடம் நெருக்கம் மட்டுமே கூடியது. இதன் கடுமையான வடிவத்தில் ஒருத்தி, "நீ பதில் அனுப்பாவிட்டால் என்னை ஏதாவது செய்துகொள்வேன், யாரிடமும் சொல்லாதே" என்பாள். மற்றவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்குவாள். பதினான்கு வயதுப் பிள்ளை ஓர் உயிருக்குக் காவல் இருக்கிறாள், அதுவும் ரகசியமாக. உங்கள் மகள் போன் ஒலித்ததும் துள்ளி ஓடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுவாகவும் இருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள். அப்படியானால் அந்தத் தோழியையும் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம், அவளுக்கும் உடனே ஒரு பெரியவரின் உதவி தேவை. உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தைப் பெரியவரிடம் சொல்வது துரோகம் ஆகாது என்று பிள்ளைக்கு யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் அந்தச் சுமை இறங்கும்.

சாதாரணச் சண்டையை எப்படிப் பிரித்தறிவது என்று அடுத்து கேட்பீர்கள். நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒரே கேள்வி: கடைசியாக நடந்த சண்டைகளில் யார் மன்னிப்புக் கேட்டது? இருவரும் மாறி மாறிக் கேட்டிருந்தால் நட்பு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது, எவ்வளவு கத்தினாலும் சரி. ஒவ்வொரு முறையும் ஒருத்தியே கேட்டிருந்தால், அதுவும் எதற்காக என்று தெரியாமலே கேட்டிருந்தால், அது வேறு கதை.

இப்போது நம் நிலைமைக்கு வருகிறேன். "வேறு தோழிகளைத் தேடிக்கொள்" என்று சொல்வது நமக்கு எளிது. சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு நிலையில் எத்தனை தமிழ் மாணவர்கள் இருப்பார்கள்? பல பள்ளிகளில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். சில பள்ளிகளில் தமிழ் வகுப்பே இல்லாமல், பிள்ளைகள் மாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு நிலையத்துக்கோ போகிறார்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் பழைய விரைவு, வழக்கநிலைப் பிரிவுகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் நிலைக்கேற்பப் படிக்கும் முறை வந்துவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் வெவ்வேறு வகுப்புகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாகச் சேரும் இடம் பெரும்பாலும் தமிழ் வகுப்பு மட்டுமே. அங்கே ஒதுக்கப்பட்டால் திரும்பி உட்கார இன்னொரு மேசை கிடையாது. அதே பிள்ளைகள்தாம் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்பிலும், தைப்பூசத்தன்று கோயிலிலும், நாடகப் போட்டி ஒத்திகையிலும் எதிரே வருவார்கள். அம்மாக்கள் தோழிகள், அப்பாக்கள் ஒரே சங்கத்தில். உங்கள் மகளுக்கு இந்த மூவரை விடுவது என்பது மூவரை மட்டும் விடுவதல்ல. தமிழில் சிரித்துப் பேசக்கூடிய உலகத்தையே விடுவது. அவள் சண்டைக்கு வருவதில் ஆச்சரியம் என்ன?

தாய்மார்களிடம் பேச வேண்டாம் என்பதும் இதனால்தான். நீங்கள் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும், அன்று இரவே அது "உன் அம்மா என் அம்மாவிடம் என்ன சொன்னார் தெரியுமா" என்று மகளின் போனுக்குத் திரும்பி வரும். அவள் இனி உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். எந்தத் தாயும் தன் பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேசவும் மாட்டார். நீங்களும் பேச மாட்டீர்கள். (உங்கள் மகளும் ஏதோ ஒரு நாள் வேறொருத்தியை இந்தக் குழுவோடு சேர்ந்து ஒதுக்கியிருக்கக்கூடும். ஒதுக்கப்படும் பயத்தில் இருக்கும் பிள்ளைகள் பலர் அதைச் செய்கிறார்கள். தெரியவந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம்.) அடி, மிரட்டல், பணம் பறிப்பு, அந்தரங்கப் படங்கள் என்று போனால் மட்டும் நிலைமை வேறு. அப்போது தாய்மார்களிடம் போகாமல் நேரே பள்ளிக்குப் போங்கள். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014 முதல் இருக்கிறது, இணையத்தில் நடப்பதும் அதன் கீழ் வரும். செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனைப் பொறுத்தவரை, பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லாததற்கு அவர்களே என்னிடம் கூறும் முதல் காரணம், சொன்னால் போன் போய்விடும் என்பதுதான். துன்பத்தைச் சொன்னதற்குத் தண்டனையாக அது ஆகிவிடக்கூடாது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும், விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கையின்போதும்கூட போன் பயன்படுத்த முடியாது என்று கல்வி அமைச்சு விதித்துவிட்டது. பகலுக்கு அது போதும். இரவில், குடும்பத்தில் எல்லோருடைய போனும், உங்களுடையது உட்பட, வரவேற்பறையில் மின்னூட்டம் ஏறட்டும். தூங்காத பிள்ளையிடம் எந்த அறிவுரையும் ஏறாது.

இது நோயா என்ற கேள்விக்கு இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றில் 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சோகம், பதற்றம், தனிமை போன்றவற்றை உணர்வதாகச் சொன்னார்கள். நோய் என்று மருத்துவர்கள் வரையறுக்கும் நிலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். அறிகுறி வேறு, நோய் வேறு. ஆனால் முதலாவதைக் கவனிக்காவிட்டால் சிலருக்கு அது இரண்டாவதில் கொண்டுபோய் விடும். சிங்கப்பூரின் மனநல மருத்துவமனையான மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், 15 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் 30.6 விழுக்காட்டினர் கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் அறிகுறிகளில் ஏதாவதொன்று இருப்பதாகத் தெரிவித்தனர். அளவுக்கு மீறிய சமூக ஊடகப் பயன்பாடு, உடல் தோற்றம் குறித்த கவலை, இணையவழித் துன்புறுத்தல் ஆகியவை அதோடு சேர்ந்து காணப்பட்டன. மூன்றும் நான் மேலே சொன்ன நட்புகளில் அன்றாடம் புழங்குபவை. உங்கள் மகள் இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் சோர்ந்தே இருந்தால், தூக்கமோ சாப்பாடோ மாறியிருந்தால், முன்பு விரும்பியதை விட்டுவிட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், காத்திருக்க வேண்டாம். வெயில் நாளிலும் நீளக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தாலோ, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று விளையாட்டாகச் சொன்னாலோ, அன்றே செயல்படுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் தற்கொலை முயற்சி குற்றமும் அல்ல, எனவே போலிசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். 1767 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸும், 1771 என்ற எண்ணில் தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையும் நாள் முழுவதும் கிடைக்கும்.

அந்த நிலை இல்லையென்றால், வேலை மெதுவானது. அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "அவள் கெட்டவள்" என்று நீங்கள் சொன்ன மறுநொடி, உங்கள் மகள் அவளுடைய வழக்கறிஞர் ஆகிவிடுவாள். காரில் போகும்போதோ பாத்திரம் துடைக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நேரமாகப் பார்த்து, "அவர்களோடு இருந்துவிட்டு வரும்போது உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேளுங்கள். கேள்வி அவள் மனத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கூடவே, வெட்டுவதைப் பற்றி யோசிக்காமல் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள். 1999இல் எர்னஸ்ட் ஹாட்ஜஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், துன்புறுத்தப்படும் பிள்ளைகளுக்கு உண்மையான நெருங்கிய நட்பு ஒன்றே ஒன்று இருந்தாலும், துன்புறுத்தலால் பின்னர் வரும் மனப் பாதிப்பு குறைந்தது. ஒரு கூட்டம் தேவையில்லை, ஒருத்தி போதும். அவள் தமிழ்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த புளோக்கில் இருக்கும் மலாய்த் தோழியாக இருக்கலாம், ஜோகூரில் இருக்கும் சித்தி மகளாகவும் இருக்கலாம். உங்கள் மகளும் அந்த மூவரும் ஒரே இணைப்பாட நடவடிக்கையில் இருந்தால், மாற்றிக்கொள்ள முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். இங்கேதான் பெற்றோர் தயங்குவார்கள்: பாதியில் மாற்றினால் புள்ளி குறையுமே! தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் இணைப்பாட நடவடிக்கைக்குக் கிடைப்பது அதிகபட்சம் 2 சலுகைப் புள்ளிகள். அந்த 2 புள்ளிக்காக வாரத்துக்கு இரண்டு மாலை ஒரு பிள்ளையை அங்கே உட்கார வைப்பது எனக்குச் சரியான கணக்காகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லலாம், ஆனால் ஆறுதலாக அல்ல, வெறும் தகவலாக. அமெரிக்காவில் 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 7ஆம் வகுப்பில் இருந்த நட்புகளில் 12ஆம் வகுப்பு வரை நீடித்தவை 1 விழுக்காடுதான். ஆனால் நட்பு முறிந்தால் தன்னிடம் ஏதோ குறை என்று இந்த வயதில் பலரும் நினைக்கிறார்கள்.

உதவிக்கு எங்கே போவது? எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் இருக்கிறார். தேவைப்பட்டால் அவர், மனநலக் கழகத்தின் தலைமையில் 2007 முதல் பள்ளிகளோடு இணைந்து செயல்படும் 'ரீச்' என்ற மனநல உதவிக் குழுவிடம் அனுப்புவார். 16 வயதாகிவிட்டால் இளையர்களுக்கான 'சாட்' மையத்தில் இலவசமாக மனநல மதிப்பீடு செய்துகொள்ளலாம். உங்கள் மகளுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை, ஆகவே பள்ளி வழியோ, பலதுறை மருந்தகம் வழியோ, வட்டாரக் குடும்பச் சேவை நிலையம் வழியோ போங்கள். "பதிவாகிவிட்டால் பின்னாளில் வேலை கிடைக்காதே" என்ற பயம் நம் வீடுகளில் அதிகம். மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

இந்த வாரம் வகுப்பாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், மகளுக்குத் தெரிவித்துவிட்டே எழுதுங்கள். தோழிகளின் பெயர்களையும் யார் என்ன செய்தார்கள் என்பதையும் அதில் சேர்க்க வேண்டாம். எப்போதிலிருந்து வயிற்றுவலி, எத்தனை நாள் சாப்பிடவில்லை, எதையெல்லாம் நிறுத்திவிட்டாள் என்று நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதி, ஆலோசகரைப் பார்க்க நேரம் கேளுங்கள். சந்திப்பு இடைவேளையின்போது வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆலோசகர் அறைக்குள் போவதை அந்த மூவரும் பார்க்கிற நேரம் அதுதான்.